பறந்து போகிறவனும் பயணிதானா?

பெரம்பலூரில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த ஓர் இளைஞர் இமாம் ஸாஹிபின் பக்கத்தில் வந்து அமர்ந்தார். நாமும் உடனிருந்தோம். ஏதோ கேட்க நினைக்கிறார், கேட்கக் கூச்சப்படுகிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது. இமாம் அவர்கள் ஊக்கப்படுத்திய பிறகு சொன்னார்:

"போன தடவை நான் கிளம்பினப்போ அத்தாவும் திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் வந்தாங்க, ஹழ்ரத். பக்கத்துப் பள்ளியில அஸர் தொழுதோம். ஜமாஅத் முடிஞ்சு போயிருந்துச்சு. 'நீயே முன்னாடி நில்லு'ன்னு அத்தா சொன்னாங்க. நான் பயணியாச்சே, ரெண்டு ரக்அத்துல ஸலாம் கொடுத்துட்டேன். அத்தா பயணி இல்லே. முட்டிவலியோட தரையில கையை ஊன்றி எழுந்து மிச்ச ரெண்டையும் தனியா தொழுதாங்க. நான் உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருந்தேன். அதுக்கப்புறம் நான் ஏ.சி.யில சாய்ஞ்சுக்கிட்டு நாலு மணி நேரத்துல துபாய் போய்ச் சேர்ந்தேன். அத்தா ராத்திரி பஸ்ஸுல நின்னுக்கிட்டே பெரம்பலூர் வந்திருக்காங்க. சலுகை எனக்கு, சிரமம் அத்தாவுக்கு. இது சரியா?"

இமாம் அவர்கள் தயங்கவில்லை. "நீங்கள் செய்ததும் சரி, அத்தா செய்ததும் சரி. உமர் (ரலி) அவர்கள் மக்காவுக்கு வந்தபோது இப்படித்தான் இரண்டு ரக்அத் தொழவைத்துவிட்டு, நாங்கள் பயணிகள், நீங்கள் உங்கள் தொழுகையைப் பூர்த்தி செய்துகொள்ளுங்கள் என்று மக்காவாசிகளிடம் அறிவித்தார்கள். இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இருக்கிறது" என்றார்கள்.

சட்டம் ஒரு நிமிடத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இளைஞரின் வெட்கம் போகவில்லை. நமக்கும் அன்றிரவு வெகு நேரம் உறக்கம் வரவில்லை. சட்டம் தெரியாமல் எழும் கேள்விக்குச் சட்டம் விடை சொல்லும். சட்டம் தெரிந்த பிறகும் நிற்கும் கேள்வி வேறு வகையைச் சேர்ந்தது. அதைப் பற்றித்தான் இங்கே கொஞ்சம் பேச விரும்புகிறோம்.

முதலில் தூரத்தைப் பார்த்துவிடுவோம். திருச்சி விமான நிலையத்திலிருந்து துபாய் விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 2,900 கிலோமீட்டர். கிழக்கே கோலாலம்பூர் சுமார் 2,700. இரண்டுக்கும் ஏறக்குறைய நாலு மணி நேரம். துபாய் டிக்கெட்டைப் பார்த்தால் அதுவும் குறைந்துபோகும். பகல் 1 மணிக்குப் புறப்பட்டு 3.40க்கு இறங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். புறப்படும் நேரம் நம் நாட்டுக் கடிகாரம், இறங்கும் நேரம் அந்த நாட்டுக் கடிகாரம். இடையில் ஒன்றரை மணி வித்தியாசம் ஒளிந்திருக்கிறது. முதன்முதலில் போகிறவர் இரண்டே முக்கால் மணிப் பயணம் என்று நினைத்து ஏறுவார். திரும்பி வரும் டிக்கெட்டில் அதே பயணம் ஐந்தரை மணி நேரமாகத் தோன்றும். காகிதத்தில் இருக்கும் நேரம் இப்படி நீளும், சுருங்கும். தரையில் இருக்கும் தூரம் மாறுவதில்லை.

மார்க்கச் சட்டத்தின் அளவு என்ன? ஹனஃபி மத்ஹபில் மூன்று நாள் நடைத் தூரம். ஒரு நாளைக்கு 16 மைல் வீதம் 48 மைல் என்று நம் நாட்டு உலமாக்கள் கணக்கிட்டுத் தந்திருக்கிறார்கள். அதாவது சுமார் 77 கிலோமீட்டர். ஷாஃபி மத்ஹபிலும் 48 மைல்தான். அந்த மைலின் நீளத்தைக் கணக்கிடுவதில் சிறு வேறுபாடுண்டு. தூரத்தை எல்லையிட்டுச் சொல்லாமல், மக்கள் வழக்கில் எது பயணமோ அதுவே பயணம் என்ற இப்னு தைமிய்யா (ரஹ்) போன்றோரும் இருக்கிறார்கள். ஆனால் நம் பள்ளிகளில், உள்நாட்டு ஊர்களில் ஹனஃபியும் கரையோர ஊர்களில் ஷாஃபியுமாக, இந்த 48 மைல்தான் தலைமுறை தலைமுறையாக வழக்கில் இருப்பது.

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு நம் வட்டாரத்தை அளந்தால் வேடிக்கையாக இருக்கும். பெரம்பலூரிலிருந்து திருச்சி விமான நிலையம் சுமார் 65 கிலோமீட்டர். மகனை வழியனுப்பிவிட்டுத் திரும்புகிற தகப்பன் பயணியல்லர்; எல்லைக்கு இன்னும் 12 கிலோமீட்டர் குறைகிறது. அதே பஸ்ஸில் அவருக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்த மகனோ, பெரம்பலூர் ஊரெல்லையைத் தாண்டிய நிமிடத்திலிருந்தே பயணி. ஏனெனில் அவர் நிய்யத் 2,900 கிலோமீட்டர். ஆக ஒரே பஸ், ஒரே ஜன்னல் காற்று, ஒரே புழுதி; ஒருவருக்கு இரண்டு ரக்அத், இன்னொருவருக்கு நாலு.

விமானம் மேலே போய்த் தன் வேகத்தை எட்டிய பிறகு இந்த 77 கிலோமீட்டரை ஆறே நிமிடத்தில் கடந்துவிடுகிறது. நம் முன்னோருக்கு மூன்று நாள். நமக்கு, தேநீர்க் கோப்பை ஆறுவதற்குள். அதே நடைக் கணக்கில் துபாய்க்குப் போவதானால், நடுவில் கடலே இல்லையென்று வைத்துக்கொண்டாலும், 110 நாளுக்கு மேலாகும். "மூன்று நாள் நடை" என்று சொன்ன இமாம்கள் இந்த ஆறு நிமிடத்தைக் கண்டிருந்தால் சட்டத்தை மாற்றியிருப்பார்களே என்று படித்த இளைஞர்கள் சிலர் வாதிடுகிறார்கள். வாதம் கவர்ச்சியானதுதான். ஆனால் அந்த இமாம்கள் வேகத்தை அறியாதவர்கள் என்று நாம் நினைத்துக்கொள்வதுதான் தவறு.

ஹிஜ்ரி 676இல், அதாவது கி.பி. 1277இல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் கடல் பயணத்தைப் பற்றிச் சொல்லும்போது, கடலும் நிலத்தைப் போலத்தான், அத்தனை மைல்களையும் ஒருவன் கடலில் ஒரு மணி நேரத்தில் கடந்துவிட்டாலும் அவன் தொழுகையைச் சுருக்கலாம் என்ற கருத்தை எழுதிவைத்திருக்கிறார்கள். பாய்மரக் கப்பலின் காலத்தில்! 48 மைலை ஒரு மணி நேரத்தில் கடக்கும் கப்பலை அவர்கள் கண்ணால் கண்டிருக்க வாய்ப்பே இல்லை. ஆனாலும் கேள்வியைக் கண்டிருக்கிறார்கள். ஹனஃபி நூல்களிலும் மூன்று நாள் தூரத்தை விரைவுக் குதிரையில் இரண்டே நாளில் கடந்தவனும் கஸ்ர் செய்ய வேண்டும் என்று வருகிறது. ஆக, வேகம் கூடினால் சலுகை போய்விடுமா என்பது விமானம் வந்து கிளப்பிய கேள்வியல்ல. பழைய கேள்வி; விடை சொல்லப்பட்ட கேள்வி.

ஆனால் ஏன் அப்படி விடை சொன்னார்கள்? சிரமத்துக்காகத்தானே சலுகை? சிரமம் போனபின் சலுகை மட்டும் எப்படி நிற்கும்?

இதே கேள்வியை நபித்தோழர் ஒருவரே கேட்டிருக்கிறார். அருள்மறையின் அன்னிஸா அத்தியாயம் 101ஆம் வசனம், பயணத்தில் தொழுகையைச் சுருக்குவதைப் பகைவரின் அச்சத்தோடு சேர்த்துக் கூறுகிறது. பிற்காலத்தில் அச்சம் நீங்கிவிட்டது, பாதைகளெல்லாம் பாதுகாப்பாகிவிட்டன. யஃலா இப்னு உமைய்யா (ரலி) அவர்கள் உமர் (ரலி) அவர்களிடம், இப்போது மக்கள் அச்சமற்றிருக்கிறார்களே, இன்னும் ஏன் சுருக்க வேண்டும் என்று வினவினார்கள். உமர் (ரலி) அவர்கள் தமக்கும் அதே வியப்பு ஏற்பட்டதாகவும், அண்ணல் நபி (ஸல்) அவர்களிடமே கேட்டதாகவும் சொன்னார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள், அது அல்லாஹ் உங்களுக்கு அளித்த ஸதக்கா, அவனுடைய ஸதக்காவை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று விடையளித்தார்களாம். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது.

'ஸதக்கா' என்ற அந்த ஒரு சொல்லில் நாம் நின்று யோசிக்க வேண்டும். கூலி என்று அவர்கள் சொல்லவில்லை. கூலியென்றால் வேலையை அளந்துதான் கொடுக்க வேண்டும். வேலை குறைந்தால் கூலியும் குறையும். நஷ்டஈடு என்றும் சொல்லவில்லை. நஷ்டஈடென்றால் நஷ்டத்தை மெய்ப்பிக்க வேண்டும். ஸதக்காவை வாங்குகிறவன் தான் பட்ட பாட்டுக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லை. அந்த இளைஞர் தம் இரண்டு ரக்அத்தைச் சிரமத்துக்குக் கிடைத்த கூலி என்று எண்ணினார். ஆகவே சிரமப்படாமல் கூலி வாங்கிவிட்டோமே என்று வெட்கப்பட்டார். அவருடைய வெட்கம் நல்ல உள்ளத்தின் அடையாளம்தான். ஆனால் அதன் வேர், கொடுத்தவனைப் பார்க்காமல் தம்மையே பார்த்துக்கொண்டிருந்ததில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. உஸூல் நூல்களில் ஓர் அரசனையும் ஒரு சுமைகூலியையும் அடிக்கடி எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள். பல்லக்கில் சுகமாகப் பயணம் போகும் அரசன் கஸ்ர் செய்யலாம், நோன்பை விடலாம். உள்ளூரில் முதுகொடிய மூட்டை சுமப்பவனுக்குப் பயணச் சலுகை இல்லை. ஏன்? பயணம் என்பது வெளியே தெரிவது, அளக்கத் தக்கது. சிரமம் உள்ளே இருப்பது. ஆளுக்கு ஆள் மாறுவது. நம் ஊர் பஸ்ஸில் அரை டிக்கெட்டை வயதைக் கேட்டுத்தான் கொடுக்கிறார்கள். பத்து வயதுப் பிள்ளை ஆளையே நெருக்கிக்கொண்டு உட்காரும். ஒல்லியான பெரியவர் ஒரு மூலையில் ஒதுங்கியிருப்பார். ஆனாலும் கண்டக்டர் ஒவ்வொருவரும் எவ்வளவு இடம் அடைக்கிறார்கள் என்று அளக்க ஆரம்பித்தால் பஸ் நகராது. சட்டமும் அப்படித்தான். சிரமத்தை அளவுகோலாக்கியிருந்தால், அவனவன் தன் சிரமத்துக்குத் தானே நீதிபதியாகியிருப்பான். அதைவிடக் கெடுதல், அடுத்தவன் சிரமத்துக்கு நாம் நீதிபதியாகியிருப்போம்.

இதை நாம் பள்ளியில் சொல்லிக்கொண்டிருந்தபோது, தூணில் சாய்ந்திருந்த ஒரு பெரியவர் குறுக்கிட்டார். பெரம்பலூரிலிருந்து தினந்தோறும் அரியலூர்ப் பக்கம் போய், சுண்ணாம்புக்கல் லாரிகளில் சுமை ஏற்றி இறக்கி, கை காய்த்துப் போனவர். அரியலூர்ச் சுரங்கங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த வெயில் தெரியும். பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் அது. வெட்டினால் பாறைக்குள்ளிருந்து கடற்சிப்பி வரும். இன்றோ நிழலுக்கு ஒரு மரமில்லை. வெள்ளைப் பாறையில் பட்ட வெயில் கண்ணைப் பறிக்கும். பெரியவர் கேட்டார்:

"தம்பி ஏ.சி.யில பறக்குறாரு, அவருக்கு நோன்பை விடலாம்ங்கிறீங்க. நாங்க சித்திரை வெயில்ல கல்லு தூக்கினோம். எங்களுக்கு மட்டும் ஏன் இல்லே?"

பள்ளியில் அமைதி நிலவியது. அரசனும் சுமைகூலியும் புத்தகத்தில் இருந்தவரை எளிதாக இருந்தது. சுமைகூலி எதிரே உட்கார்ந்து கேட்கும்போது அவ்வளவு எளிதாக இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பெரம்பலூரிலிருந்து அரியலூர் சுமார் 30 கிலோமீட்டர். போக வர 60. மாதம் 26 நாள் வேலையென்றால் 1,560 கிலோமீட்டர். இரண்டே மாதத்தில் துபாய்த் தூரத்தை அவர் தாண்டிவிடுகிறார். இப்படி வருஷக்கணக்கில் போய்வந்தும், சட்டப்படி ஒரு நாள்கூட அவர் பயணியானதில்லை.

அவருக்குச் சட்டம் ஒன்றுமே தரவில்லையா என்றால், தந்திருக்கிறது. கடும் உழைப்பாளி ரமலானில் இரவே நிய்யத் வைத்து, ஸஹர் செய்து நோன்போடு வேலைக்குப் போக வேண்டும். பகலில் தாங்க முடியாத நிலை வந்து, உடலுக்குக் கேடு என்று அஞ்சினால் நோன்பை முறித்துக்கொள்ளலாம். பிறகு களாச் செய்ய வேண்டும். ஆனால் ஒரு வேறுபாட்டை ஒப்புக்கொள்ள வேண்டும். பயணிக்குக் கதவு திறந்தே இருக்கிறது. உழைப்பாளி கதவருகே போய், வேறு வழியில்லை என்றானபிறகுதான் அது திறக்கிறது. இமாம் அவர்கள் இதை மறைக்காமல் அப்படியே சொன்னார்கள். "அப்ப நான் முறிச்ச நோன்பெல்லாம் களாச் செஞ்சது சரிதான்" என்று மட்டும் பெரியவர் சொன்னார். அவர் கேட்டது நியாயமா என்பதை; நாம் சொன்னது சட்டத்தை. அந்த இடைவெளியை முழுதும் நிரப்பிவிட்டோம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆனால் ஒன்றைச் சொல்ல முடியும். சுமை தூக்குகிறவனின் பாரத்தைக் குறைக்கும் கடமையைச் சட்டம் அவனுடைய நோன்பின்மீது போடவில்லை. அவனிடம் வேலை வாங்குகிறவன்மீது போட்டிருக்கிறது. ரமலானில் வேலையாளின் நேரத்தை மாற்றித் தருவது முதலாளிக்கு ஆகாத காரியமா? அந்தக் கேள்வியை முதலாளிகளிடம் கேட்காமல் ஃபிக்ஹு நூலிடம் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

நோன்பின் விஷயத்தில் விமானப் பயணிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். தொழுகைச் சுருக்கமும் நோன்புச் சலுகையும் ஒன்றல்ல. ஹனஃபி மத்ஹபில் கஸ்ர் கட்டாயம். விரும்பினால் நாலு தொழுவோம் என்பதற்கு இடமில்லை. நோன்போ அப்படியல்ல. சிரமமில்லாத பயணி நோன்பு நோற்பதே மேல் என்று ஹனஃபி, ஷாஃபி இரு மத்ஹபினரும் சொல்கிறார்கள். ஆக, இங்கே மனிதனின் மனசாட்சிக்கு வேலையிருக்கிறது. குளிர்ந்த இருக்கையில் நாலு மணி நேரம் சாய்ந்திருக்கப் போகிறவர் தம் உள்ளத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். கேட்டபின் விட்டாலும் குற்றமில்லை.

நோற்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் திருச்சியிலிருந்து மேற்கே பறந்தால் சூரியனைத் துரத்திக்கொண்டு போகிறோம். அன்றைய நோன்பு ஒன்றரை மணி நேரம் நீளும். ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து ஜன்னலுக்கு வெளியே வெயில் அடிக்கும்போதே பேரீச்சம்பழத்தை வாயில் போட்டவர்களை நாம் அறிவோம். அது நோன்பு திறப்பதாகாது. தாம் இருக்கும் இடத்தில் சூரியன் மறைய வேண்டும். விமானம் பறக்கும் உயரத்தில், கீழே தரையில் இருப்பவனுக்கு மறைந்த சூரியன் இன்னும் பத்துப் பதினைந்து நிமிடம் தெரிந்துகொண்டிருக்கும். மேலே இருப்பவருக்கு மேலே தெரிவதுதான் கணக்கு. கிழக்கே மலேசியா போகிறவர்களுக்கு இதற்கு நேர்மாறு. பொழுது விரைந்து சாயும்.

இனி, அந்த இளைஞர் கேட்காத கேள்வி ஒன்றுக்கு வருவோம். கேட்டதைவிடக் கனமானது அது.

நம் ஊர்களில் வெளிநாடு போவதற்குச் 'சபர்' போவது என்றும், போனவருக்குச் 'சபராளி' என்றும் பெயர். ஸஃபர் என்ற அரபுச் சொல்தான் வீட்டுப் பேச்சில் இப்படி ஆகியிருக்கிறது. லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் எந்தத் தெருவுக்குப் போனாலும் சபராளி இல்லாத வீடு அருமை. அந்நாளில் பெரம்பலூர்ப் பக்கத்தவர்களுக்கு ரயில் கிடையாது, இன்றும் கிடையாது. அரியலூர் வந்து ரயிலேறி நாகப்பட்டினமோ சென்னையோ போய் ரஜூலா கப்பல் பிடிப்பார்கள், பிறகு எம்.வி. சிதம்பரம். பினாங்கு, சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகும். 1985இல் தீ விபத்துக்குள்ளானதோடு சிதம்பரம் கப்பலின் பயணிகள் ஓட்டம் நின்றது. பம்பாயிலிருந்து ஹஜ்ஜுக்குப் போன கப்பலும் 1995இல் நின்றுவிட்டது. இப்போது எல்லாம் விமானம்தான். திருச்சியில் 2024 ஜனவரியில் புதிய முனையத்தையே திறந்துவிட்டார்கள்.

இந்தச் சபராளி துபாயில் இறங்கி, 15 நாளோ அதற்கு மேலோ தங்கும் நிய்யத் வைத்த உடனே ஹனஃபி சட்டப்படி முகீம் ஆகிவிடுகிறார். ஷாஃபியில் வந்த நாளும் போகும் நாளும் நீங்கலாக நாலு நாள். அதன்பின் முழுத் தொழுகை, முழு நோன்பு. ஓர் அறையில் எட்டுப் பேர், அடுக்குக் கட்டில், இரண்டு வருஷத்துக்கு ஒரு விடுமுறை. ஈதென்ன விந்தை! சுகமாகப் பறந்த நாலு மணி நேரம் அவர் பயணி. பிள்ளை முகம் பாராமல் ஏங்கும் இரண்டு வருஷம் அவர் பயணியல்லர். ஆனால் வீட்டில் தாயும் மனைவியும் அவரைச் சபராளி என்றே சொல்கிறார்கள். இதில் யார் சொல்வது சரி?

இருவரும் சரியென்றே நமக்குப் படுகிறது. பயணம் என்பது வேதனையின் ஒரு பகுதி, அது உணவையும் உறக்கத்தையும் தடுக்கிறது, வேலை முடிந்ததும் குடும்பத்திடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருக்கிறார்கள். தாயும் மனைவியும் அந்த வேதனையைச் சொல்கிறார்கள். சட்டமோ, இரண்டு வருஷம் ஒருவன் வழிப்போக்கனாகவே வாழக் கூடாது என்கிறது. அங்கேயும் ஜமாஅத் உண்டு, ஜும்ஆ உண்டு, அண்டை வீட்டான் உண்டு. "நான் பயணிதானே" என்று எதிலும் ஒட்டாமல் இருந்துவிடாதே, காலை ஊன்று என்கிறது. நாலு ரக்அத் அதற்குத்தான். ஆனால் அவர் காலூன்றியது அங்கே என்பதால் ஊரிலிருந்து அவருடைய தூரம் குறைந்துவிடவில்லை. இதை மறந்ததால் நாம் செய்த ஒரு தவறைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் எமக்குத் தெரிந்த ஒரு பெரியவர் ஃபஜ்ரு நேரத்தில் வஃபாத்தானார். ஒரே மகன் வளைகுடாவில். போனில் அழுதுகொண்டே, "நாலு மணி நேரந்தானே, வந்துடுறேன், அத்தா முகத்தைப் பார்க்காம அடக்கிடாதீங்க" என்றார். ஜமாஅத்தில் இரண்டு கருத்து வந்தது. ஜனாஸாவை விரைந்து கொண்டுசெல்லும்படி நபி (ஸல்) அவர்கள் ஏவியிருக்கிறார்கள், காத்திருக்கக் கூடாது என்றனர் சிலர். வலீயாக இருப்பவர் அருகில் இருந்து, சீக்கிரம் வந்துவிடுவார் என்றால், உடலுக்கு மாற்றம் வராத அளவு சற்றுக் காத்திருக்க இடமளித்த ஃபுகஹாக்கள் இருக்கிறார்களே என்றனர் வேறு சிலர். அந்த இரண்டாவது அணியில் நாமும் இருந்தோம். துபாய் அருகில்தானே, நாலு மணி நேரம். பெரம்பலூரிலிருந்து சென்னை போகும் நேரந்தான் என்று வாதாடியது நாம்தான்.

ஐஸ் பெட்டி வந்தது. லுஹர் போனது. மகனுக்கு விடுப்புக் கையெழுத்துக் கிடைக்க மாலையானது. அன்றைய விமானத்தில் இடமில்லை. மறுநாள் சுற்றுவழியில், வேறு ஊரில் இறங்கி, அங்கிருந்து கார் பிடித்து வந்தார். மய்யித் ஏறக்குறைய 36 மணி நேரம் பெட்டிக்குள் இருந்தது. நடுவில் மின்சாரம் போய் ஜெனரேட்டருக்கு ஆள் ஓடியதும், பெட்டியின் கண்ணாடியில் நீர் கோத்து அதை அந்த அம்மா முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்ததும் இன்றும் நம் கண்முன் நிற்கின்றன.

கப்பல் காலத்தில் யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை. பினாங்கிலிருந்த மகனுக்குக் கடிதம் போய்ச் சேர்வதற்குள் நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவே முடிந்திருக்கும். மகன் அங்கேயே அழுதுவிட்டு துஆச் செய்வார். தூரம் தூரமாகவே இருந்தது. எல்லோரும் அதை ஒப்புக்கொண்டிருந்தார்கள். பயண நேரம் ஒரு வாரத்திலிருந்து நாலு மணியாகக் குறைந்த பிறகுதான் மய்யித் காத்திருக்கும் நேரம் மூன்று மணியிலிருந்து 36 மணியாக வளர்ந்தது. மகன்மீது எமக்கு வருத்தமில்லை. தகப்பன் முகத்தைப் பார்க்க ஆசைப்படாத மகன் உண்டா? தவறு எம்முடையது. 'அருகில்' என்ற சொல்லை மணியால் அளந்தோம். மூன்று நாள் நடைக்கு அப்பால் இருப்பவன் எத்தனை வேகமாகப் பறந்தாலும் தூரத்தில் இருப்பவனே என்று அந்தப் பழைய நூல்கள் சொல்லிக்கொண்டிருந்ததைக் கஸ்ருக்கு மட்டும் உரிய கணக்கு என்று எண்ணிவிட்டோம்.

மகன் வந்தபோது அஸர் பாங்கு சொல்லிவிட்டிருந்தார்கள். இரண்டு இரவு உறங்காத கண். நேரே வீட்டுக்குள் போய் முகம் பார்த்தார். பிறகு பள்ளிக்கு வந்து ஒளுச் செய்தார். வழியெல்லாம் இரண்டிரண்டாகத் தொழுது வந்தவர், சொந்த ஊர் மண்ணை மிதித்ததால் முகீமாகிவிட்டார். எங்களோடு நின்று நாலு ரக்அத் முழுதும் தொழுதார். ஜனாஸாவை அவரே முன்னின்று தொழவைத்தார். நாலு தக்பீர். அதில் பயணிக்கும் உள்ளூர்வாசிக்கும் வேறுபாடில்லை.

பத்தாம் நாள் திரும்பிப் போனார். வழியனுப்பத் தகப்பன் இல்லாததால் திருச்சி வரை நாம் உடன் போனோம். விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பள்ளியில் அஸர் தொழுதோம். அவரை முன்னே நிற்கச் சொன்னோம். இரண்டு ரக்அத்தில் ஸலாம் கொடுத்துவிட்டு அவர் அமர்ந்திருக்க, நாம் எழுந்து மீதி இரண்டையும் தொழுது முடித்தோம்.